நிறம் மாறாத தாள்

அல்மா செட்லாச்செக்குக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. மூக்கின் மேல் இருந்தால் தூரத்திலேயே கண்ணில் படும், ஒதுங்கிப் போய்விடலாம். அல்மாவின் கோபம் அப்படியெல்லாம் சொல்லிவிட்டு வராது. முட்டைப் பொடித் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் கோடையிலேயே, பின்னால் வந்து இடுப்பைக் கிள்ளிய மேஸ்திரியின் தலையில் முட்டையை உடைத்தவள் அவள். நல்ல முட்டைகூட இல்லை. முகர்ந்து பார்த்து அழுகலை ஒதுக்குவதுதான் அப்போது அவளுக்கு வேலை. ஒதுக்கி வைத்ததிலிருந்து நிதானமாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து உடைத்தாள். அந்த ஆள் அன்றைக்கு முழுக்கத் தலையைக் கழுவிக்கொண்டே இருந்தான். அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. மோப்பத்தில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.

பிறகு மெஷின் வந்தது, கையால் உடைப்பது போனது, அல்மா போகவில்லை. நடுவில் ரூடி என்று ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். வேலை தேடுகிறேன் என்று ஒமாஹா நகரத்துக்குப் போனவன் அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவனுடைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக் கோட்டு, சட்டை எல்லாவற்றையும் பன்றிக் கொட்டிலில் விரித்துவிட்டு, தன் சாமானை ஏற்றிக்கொண்டு தம்பி லாம்பர்ட் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா விட்டுப்போன வீடு. லாம்பர்ட் கல்யாணமே செய்துகொள்ளாதவன். இரண்டு பேருமாக அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, சூப் வைத்துக்கொண்டு, சௌகரியமாகத்தான் இருந்தார்கள்.

லாம்பர்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். எங்கள் பக்கத்தில் பஸ்ஸை ஓட்டுகிறவர்கள் அவரவர் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். காலையில் இருட்டோடு கிளம்பி, ஆற்றோரப் பண்ணைகளை ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்குவான். பெரியவர்களோடு அவனுக்குப் பேசவே வராது. ஊர்ச் சங்கக் கட்டடத்தில் ஜோடி சேர்ந்து ஆடும் போல்கா ஆட்டம் நடந்தால் சுவரோடு சுவராக நிற்பான். யாராவது 'என்னப்பா லாம்பர்ட்' என்றால் காது சிவந்துவிடும். ஆனால் அந்த மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஆளே வேறு. எந்தப் பிள்ளை வீட்டு நாய்க்கு என்ன பெயர், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் அத்துப்படி. 'லாம்பி, லாம்பி' என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கும் பிள்ளைகள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்கிறவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான், அது அவனுக்கும் தெரியும்.

இனித் தொழிற்சாலைக் கதைக்கு வருகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது.

முட்டையின் வெள்ளைக்கருவில் துளி சர்க்கரை உண்டு. நாக்கில் வைத்தால் தெரியாது. ஆனால் அதை அப்படியே காயவைத்துப் பொடியாக்கினால் அந்தத் துளி சும்மா இருக்காது. பொடி பழுப்பேறும், தீய்ந்த வாடை அடிக்கும், கேக்குக்கு அடித்தால் நுரை எழும்பாது. அதனால் காயவைக்கும் முன்பே சர்க்கரையை எடுத்துவிட வேண்டும். எடுக்கிறது ஒரு நொதி. கறுப்புப் பூஞ்சையிலிருந்து வடித்தது. ட்ரம்மின் மேல் க்ளூக்கோஸ் ஆக்சிடேஸ் என்று அச்சடித்திருக்கும். அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது? தொழிற்சாலையில் எல்லோரும் 'பூசணம்' என்றுதான் சொல்வார்கள்.

பூசணத்துக்குப் பொல்லாத நாக்கு. க்ளூக்கோஸைத் தவிர வேறு சர்க்கரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தொட்டி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் தூங்கிவிடும், கொதித்தால் செத்துவிடும். வெள்ளைக்கருவில் காரத்தன்மை இருக்கும், அது இதற்கு ஒத்துவராது, அதனால் முதலில் எலுமிச்சை அமிலப் பொடியைக் கொட்டிச் சரிக்கட்ட வேண்டும். தின்பதற்கு ஆக்சிஜன் வேறு வேண்டும். அதற்காகத் தொட்டியில் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பூசணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு நொதி அதை உடைத்து ஆக்சிஜனாக்கிக் கொடுக்கும். நுரை பொங்கிக்கொண்டு வரும். மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல இவ்வளவும் செய்தால் ஒரு பகல் பொழுதில் சர்க்கரையைத் தின்று தீர்க்கும்.

தீர்ந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு சோதனைத் தாள். சுகர்காரர்கள் சிறுநீரில் தோய்த்துப் பார்ப்பார்களே, அதே தாள்தான். அதன் நுனியிலும் இருப்பது இதே பூசணம். சர்க்கரை இருந்தால் அதைத் தின்று பெராக்சைடைக் கக்கும். அந்தப் பெராக்சைடு பட்டதும் நுனியில் இருக்கும் ரோஸ் சாயம் ஊதாவாகும். சர்க்கரை இல்லையென்றால் ரோஸ் ரோஸாகவே இருக்கும். தொட்டிக்குப் பொறுப்பு அல்மா. தாளைத் தோய்த்து, ரோஸ் என்றால் காயவைக்கும் உலைக்கு அனுப்பலாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். வருடக்கணக்காக அவள் சொன்னது ஒருநாளும் தப்பவில்லை.

அந்த ஜூன் மாதம் தப்பியது.

எலுமிச்சை அமிலம் கையிருப்பு தீர்ந்து, லாரி வரக் காத்துக்கிடந்தார்கள். மேலாளர் ராய்ஸ் டிட்மர் வாசலுக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தான். லாரி வந்ததும் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், 'கொட்டுங்க, கொட்டுங்க' என்று தானே கூடநின்று கொட்டவைத்தான். வெள்ளைப் பொடி, புளிப்புப் பொடி, அவ்வளவுதான் பார்த்தான். அந்த லாரி ஏதோ ரொட்டித் தொழிற்சாலைக்கும் சரக்கு ஏற்றி வந்திருந்தது. ரொட்டி மாவில் போடுகிற வைட்டமின் சி மூட்டைகள் இங்கே இறங்கிவிட்டன.

அல்மா தாளைத் தோய்த்தாள். பகல் முழுக்க ஆக வேண்டிய வேலை, காபி நேரத்துக்கு முன்பே தாள் ரோஸ்! மறுபடி தோய்த்தாள். ரோஸ்தான்.

"பூசணத்துக்கு இன்னிக்கு நல்ல பசி போலிருக்கு" என்று டிட்மர் சிரித்தான். "உலைக்கு விடுங்க."

அல்மாவும் சந்தோஷமாகத்தான் விட்டாள். சாயங்காலம் சங்கத்தில் விருந்து, கசகசா வைத்த கோலாச்சி பன் சுட்டுக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பொடியை வெப்ப அறையில் அடுக்கி வைத்து, கிருமி சாகும் மட்டும் ஒரு வாரம் விட்டுக் கதவைத் திறந்தபோது, உள்ளேயிருந்து வந்த வாடையில் நின்றவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். மூட்டை மூட்டையாக வெள்ளைப் பொடி போட்ட இடத்தில் கொக்கோ நிறத்தில் எதுவோ இருந்தது. சோதனைக்கூடத்துப் பெண் ஜோலின் காலி மூட்டையைத் தேடி எடுத்துப் படித்துப் பார்த்து, டிட்மரிடமும் அல்மாவிடமும் சொன்னாள்: வைட்டமின் சி இருக்கிற இடத்தில் தாள் பொய் சொல்லும். பூசணம் கக்கும் பெராக்சைடைச் சாயத்தைத் தொட விடாமல் வைட்டமின் சி விழுங்கிவிடும். சர்க்கரை மலைபோல இருந்தாலும் தாள் ரோஸாகவே நிற்கும்.

டிட்மர் என்ன செய்தான் தெரியுமா? தலைமை ஆபீஸுக்கு எழுதினான்: தொட்டி ஆள் தாளின் நிறத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று. மூட்டையைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. ஜோலினுக்கு அதற்குள் லிங்கன் நகரத்தில் வேறு வேலை கிடைத்து அவள் கிளம்பிவிட்டாள்.

"நான் குருடியா?" என்று அவன் அறையில் நின்று அல்மா கத்தியது முட்டை இறக்கும் மேடைவரை கேட்டது. "ரோஸுக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?"

"கத்தாதீங்க அல்மா. வேலைய விட்டா அனுப்பிட்டோம்? அட்டைப்பெட்டிப் பக்கம் மாத்தியிருக்கேன், அவ்வளவுதான். உக்காந்து செய்யற வேலை."

உட்கார்ந்து செய்யும் வேலை! ஊரிலும் விடவில்லை. காபிக் கடையில் அவளைக் கண்டால் கைக்குட்டையை எடுத்து ஆட்டி, 'அல்மா, இது என்ன கலர் சொல்லு' என்பார்கள். அவள் சொன்ன கலர்களை இங்கே எழுத முடியாது.

அந்த ஆத்திரத்தை எல்லாம் தினமும் இரவுச் சாப்பாட்டில் லாம்பர்ட்டின் தலையில்தான் கொட்டினாள். மூட்டை, வைட்டமின் சி, பொய் சொல்லும் தாள், பாவி டிட்மர். லாம்பர்ட் சூப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கடையில விக்கிற வைட்டமின் மாத்திரைகூட அப்படிச் செய்யுமா?"

"அதுவும் அதே சனியன்தான்" என்றாள் அல்மா. "ஆளாளுக்கு என்னக் கேலி பண்றீங்க."

"நான் எங்க கேலி பண்ணேன்" என்று கரண்டியை எடுத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் பஸ் ஓட்டுநர்களுக்கு டாக்டர் சோதனை நடந்தது. கண், காது, ரத்த அழுத்தம், ஒரு கோப்பைச் சிறுநீரில் ஒரு தாள். லாம்பர்ட் ஜோராகத் தேறினான். பள்ளி திறந்தது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து அல்மா காரில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னால் லாம்பர்ட்டின் பஸ் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்தது. சரளை ரோட்டில் நேராகப் போன பஸ் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தை ஒட்டிப் போனது, சட்டென்று திரும்பியது, பெனெஷ் வீட்டுத் தபால் பெட்டியைக் கம்பத்தோடு சாய்த்துவிட்டு நின்றது. பிள்ளைகள் ஏதோ வேடிக்கை என்று கைதட்டினார்கள். அர்லீன் பெனெஷ் வாசலுக்கு ஓடிவந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். லாம்பர்ட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அல்மா பிடித்துக்கொண்டாள்.

"வானம் பூரா மேகம். எந்த வெயில்டா உன் கண்ணுல அடிச்சுது?"

"மேகத்துக்கு நடுவுல கொஞ்சம் வந்துச்சு."

"உனக்கு மட்டும் வந்துச்சா? பேன்ட்ட கயிறு போட்டுக் கட்டியிருக்க. கூஜா கூஜாவா தண்ணி குடிக்கற. ராத்திரி எத்தன தடவ எழுந்து போறேன்னு எனக்குத் தெரியாதா? அப்பாவும் இப்படித்தான் குடிச்சாரு. கடைசியில கால எடுத்தாங்க."

"சுகர்னு நெனைக்கறியா? உன் தாள்ல ஒண்ணக் குடு, இப்பவே பாத்துடலாம்."

பழைய ஏப்ரன் பையில் கிடந்த குப்பியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். போனான், வந்தான், தாளைக் கொடிபோல ஆட்டிக் காட்டினான். ரோஸ்.

"பாத்துக்க. டாக்டரும் இதத்தான் பாத்தாரு."

அல்மாவுக்கு அப்பாடா என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே போனாள். அநியாயமாகத் திட்டிவிட்டோமே என்று, நாற்காலியின் முதுகில் கிடந்த அவனுடைய கோட்டை எடுத்து, கிழிந்திருந்த பையைத் தைத்துக் கொடுக்கலாம் என்று உதறினாள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. கையை விட்டாள். பெரிய குப்பி. ஆரஞ்சு மாத்திரைகள். வைட்டமின் சி. பாதி காலி.

"இது என்னடா?"

"சளிக்கு."

"நீ பொறந்ததுலேருந்து உனக்குச் சளி புடிச்சு நான் பாத்ததில்ல!"

லாம்பர்ட் காதெல்லாம் சிவக்கச் சொன்னான். "நீதானே அல்மா சொன்னே. சூப் குடிச்சுக்கிட்டு இருக்கும்போது."

டிட்மர் மேலா, தன் மேலா, இவன் மேலா, யார் மேல் முதலில் பாய்வது என்று தெரியாமல், அல்மா குப்பியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்து வெந்நீரைத் திறந்துவிட்டாள். மாத்திரை எல்லாம் ஆரஞ்சாகக் கரைந்து ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவனைக் கண்ணை விட்டு நகர விடவில்லை. கடைப்பக்கம் போக விடவில்லை, ஆரஞ்சுப் பழத்தைத் தொட விடவில்லை. ஞாயிறு மத்தியானம் கையில் ஒரு தாளைத் திணித்தாள்.

"கதவத் தொறந்து வெச்சுக்கிட்டே போ. நான் திரும்பிக்கறேன்."

தாள் ஊதாவாக மாறியது என்று சொன்னால் போதாது. கறுத்தே போயிற்று. அல்மா தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எப்பலேருந்துடா தெரியும்?"

"வசந்தத்துலேருந்து. உன் குப்பியிலேருந்து ஒண்ண எடுத்து வெளையாட்டா நனைச்சுப் பாத்தேன்."

"தெரிஞ்சும் டாக்டர்கிட்ட போகல?"

"என்னோட பஸ் ஓட்டின மைலோ போனானே! ஊசி போட ஆரம்பிச்ச அன்னிக்கே லைசென்ஸப் புடுங்கிட்டாங்க. இப்ப பொண்டாட்டி கடைக்குப் போனா கார்ல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கான், நாய் மாதிரி. அந்தப் பஸ்ஸ விட்டா எனக்கு என்ன இருக்கு? சொல்லேன், என்ன இருக்கு?"

அந்தப் பஸ்ஸைத் தவிர அவனுக்கு ஒன்றும் இல்லை. அது அல்மாவுக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. "அர்லீன் பொண்ணுங்க அதுல ஏறுதுங்கடா! இன்னும் எத்தன புள்ளைங்க ஏறுது! தபால் பொட்டி இருந்த எடத்துல ஒரு புள்ள நின்னிருந்தா?"

"நிக்கல."

"நின்னிருந்தா?"

"நாளைக்கும் நான் போவேன்" என்றான் லாம்பர்ட். "முடிஞ்சா தடுத்துப் பாரு." பஸ் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான். காலையில் அவள் எழுந்து வருவதற்குள் கிளம்பிவிட்டான்.

அல்மா வேலைக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர் மெரில் க்ராமர் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன். தாளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தாள், மேஜை மேல் வைத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். மெரில் கவரைத் தொடவே இல்லை.

"டாக்டர் ஆகஸ்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, அல்மா."

"அந்த ஆளு தாளப் பாத்தாரு மெரில், என் தம்பியப் பாக்கல."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா தாள் விஷயத்துல நீங்க சொல்றத..." மெரில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். "ஊருக்கே தெரியுமே அந்தக் கதை."

"அது மூட்டை தப்பு! என் கண்ணு தப்பு இல்ல!"

"அப்படியா? ராய்ஸ் டிட்மர் அப்படிச் சொல்லலியே. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும், மூட்டைதான் தப்பு, வைட்டமின் சாப்பிட்டா தாள் ஏமாத்தும்னு. இன்னிக்கே பஸ்ஸ நிறுத்திட்டு டாக்டருக்கு ஃபோன் பண்றேன். ஒரு நல்ல மனுஷன் பொழப்புல சும்மா கைவைக்கச் சொல்றீங்களே."

ஆக, அவள் பேச்சு செல்லாக்காசு. செல்லாக்காசு ஆக்கியவன் டிட்மர். அங்கிருந்து தொழிற்சாலைக்குக் காரை விரட்டினாள். வேலைக்கு வராமல் இப்போது எங்கே வந்தீர்கள் என்று கேட்ட டிட்மரின் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். திட்டக்கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள். தன்மையாகத்தான் கேட்டாள்.

"ஒரே ஒரு ஃபோன், ராய்ஸ். மூட்டை மாறிப்போச்சு, தாள் பொய் சொல்லிடுச்சு. அவ்வளவு சொன்னா போதும். என் வேலையத் திருப்பிக் குடுங்கன்னு கேக்க வரல. அட்டைப்பெட்டிகூட நான் பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கேன்."

டிட்மர் பேனாவை மூடினான், திறந்தான். "ஆபீஸுக்கு எழுதிக் குடுத்தாச்சே அல்மா. இப்ப மாத்திச் சொன்னா நான் பொய் எழுதினேன்னு ஆயிடும்."

"ஆயிடும் என்ன? எழுதினதே பொய்தானே!"

"லாம்பர்ட் ரொம்ப வருஷமா ஓட்டறவன். பாத்து ஓட்டுவான்."

"கண்ணு தெரியாதவன் என்னத்தப் பாத்து ஓட்டுவான்? உங்க பொண்ணும் அந்தப் பஸ்லதானே வருது?"

டிட்மர் தலையைக் குனிந்துகொண்டான். மூஞ்சி செத்துப்போயிருந்தது. அல்மா அதைப் பார்த்தாள். சரி, உறைத்துவிட்டது, மனுஷன்தானே, பெற்றவன்தானே, ஃபோன் செய்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க மெரிலுக்கு ஃபோன் போகவில்லை. மறுநாள் காலையும் லாம்பர்ட் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டிட்மர் வேலைக்குத் தாமதமாக வந்தான். டிட்மர் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டி மேஜையில் பக்கத்தில் இருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்: "பொண்ண அவரே கார்ல ஸ்கூல்ல விட்டுட்டு வராராம். இனிமே தினமும் அப்படித்தானாம். என்ன செல்லமோ."

அல்மாவின் கை பசையோடு அப்படியே நின்றது.

நம்பியிருக்கிறான்! அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அந்தப் பாவி நம்பியிருக்கிறான்! நம்பி, தன் பெண்ணை மட்டும் இறக்கிக்கொண்டு, ஊரான் பிள்ளைகளை எல்லாம் அந்தப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டான். பொய் சொன்னதைக்கூட அல்மா ஒருநாள் மன்னித்திருப்பாள். இதை அவள் சாகும்வரை மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரனும் தலைவலையுமாக எழுந்து போய், காபி அறைச் சுவரில் இருந்த ஃபோனை எடுத்தாள். அர்லீன் பெனெஷ் வீட்டு எண்ணைச் சுற்றினாள். ஆற்றோரத்துப் பண்ணைகளுக்கு எல்லாம் அப்போது ஒரே லைன்தான். ஒரு வீட்டில் மணி அடித்தால் பாதி வீடுகளில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

"அர்லீன், அல்மா பேசறேன். நடுவுல யார் யார் ஒட்டுக்கேக்கறீங்களோ அத்தன பேரும் நல்லாக் கேளுங்க, இன்னிக்கு ஒரு நாள் உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என் தம்பிக்கு சுகர் முத்திப்போய் கண்ணு மங்கிடுச்சு. அதோட பஸ் ஓட்டறான்."

"டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னுதானே..."

"நான் சொல்றத நம்பாத அர்லீன். நான்தான் கலர் தெரியாதவளாச்சே! ராய்ஸ் டிட்மர் ஏன் இன்னிக்குத் தன் பொண்ண கார்ல கொண்டுபோய் விட்டான்னு அவன்கிட்டயே கேளு. அவன் வாயால என்ன வருதுன்னு கேட்டுட்டு, அப்புறம் உன் பொண்ணுங்கள ஏத்தறதா வேணாமான்னு முடிவு பண்ணிக்க."

லைனில் யாரோ இருமினார்கள். யாரோ சட்டென்று ரிசீவரை வைத்தார்கள். அல்மா திரும்பிப் போய் அட்டைப்பெட்டி ஒட்டினாள். சாயங்காலம்வரை டிட்மரின் அறையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. என்ன சொன்னானோ, எப்படி மென்று விழுங்கினானோ, தெரியாது. நேராக ஒன்றும் சொல்லவில்லை என்று அர்லீன் பிறகு சொன்னாள். அவன் திணறிய திணறலே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வீட்டில் அல்மா லாம்பர்ட்டிடம் எதையும் மறைக்கவில்லை. ஃபோன் பண்ணினேன், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவன் கத்துவான், தட்டை வீசுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

புதன்கிழமை காலையும் இருட்டோடு பஸ் கிளம்பியது. அல்மா சமையலறை ஜன்னலில் நின்றாள். வழக்கமாகப் பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவன் திரும்பும் நேரம் வந்தது, போனது. அந்தச் சரளை ரோட்டில் என்றைக்கும் பார்க்காத கார் எல்லாம் ஓடியது. அம்மாக்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள், பின்சீட்டில் பிள்ளைகள். பெனெஷ் வீட்டுக் கார் போனது. எந்தக் காரும் அல்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகு நேரம் கழித்து மஞ்சள் பஸ் முற்றத்துக்குள் வந்தது. நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, லாம்பர்ட் இறங்கவில்லை. அல்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளி ஏறினாள். அவனுக்குக் கொடுப்பதற்கு வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்த்து வைத்த வசவு அவளிடம் ஒரு மூட்டை இருந்தது.

லாம்பர்ட் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லா வீட்டுக்கும் போனேன்" என்றான். "ஒண்ணு விடல. கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னேன்."

"யாரும் ஏறியிருக்க மாட்டாங்க. எல்லாரும் கார்ல போயிட்டாங்க."

"அதுதான் போல" என்றான். "எனக்குத் தெரியல அல்மா. புள்ளைங்க யாருமே இல்லையா, வெளையாட்டுக்குச் சத்தம் போடாம நிக்குதான்னு தெரியல. சத்தம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். பெனெஷ் வீட்டுல ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எத்தன நாளாடா புள்ளைங்க கண்ணுக்குத் தெரியல?"

"ஸ்கூல் தொறந்ததுலேருந்தே. டாக்டர் அட்டையில இருந்த எழுத்தக்கூட மனப்பாடமாத்தான் சொன்னேன். ரோடு பழகின ரோடு, அது கொஞ்சம் தெரியும். புள்ளைங்கள சத்தத்த வெச்சுத்தான் ஏத்தினேன். சத்தத்த வெச்சுத்தான் எறக்கினேன். எறங்கினதும் பஸ்ஸுக்கு முன்னாடி போகுதா பின்னாடி போகுதான்னு..."

அவள் கையை நீட்டி என்ஜினை அணைத்தாள். சாவியை உருவி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"எழுந்திரு. டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "எழுந்திருடா முட்டாள் கழுத, உக்காந்து அழுதா கண்ணு வந்துடுமா?"

லாம்பர்ட் எழுந்தான். படியைக் காலால் துழாவினான். அல்மா முதலில் இறங்கித் தோளைக் கொடுத்தாள். அவன் முழுக் கனமும் அதில் இறங்கியது. டிட்மரையும் மெரிலையும் அந்தத் தாளையும் தன் வாயையும் அவனையும் ஊரே கேட்கத் திட்டிக்கொண்டே, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி அவனை இறக்கினாள்.